கூடை மறைக்குமா?

“கீழ புடி,” என்றார் அண்ணன். “சுவர் மேல யாருடா சைக்கிள் ஓட்டுவாங்க?”

தம்பி விளக்கைத் தாழ்த்தினான். மதியம் இரண்டு மணி. ஜன்னல் திரையை இழுத்து மூடி, போதாததற்கு அதன் மேல் கனத்த போர்வை ஒன்றையும் தொங்கவிட்டு, அந்தச் சின்ன அறைக்குள் இரண்டு பேருமாக ஓர் இரவைத் தயாரித்திருந்தார்கள். வெளிச்சம் மருந்து மேசையின் கால்களுக்கிடையே ஓடி, கதவடியில் கிடந்த ஒற்றைச் செருப்பின் மேல் போய் நின்றது.

“இது தெளிவா இருக்கா, முன்னாடி காட்டினதா?”

கேட்டு முடித்த பிறகுதான் தன் குரல் அவன் காதிலேயே விழுந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அவன் கேட்கிற கேள்வி அது. இருட்டறையில் ஆட்களை உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இதுவா அதுவா என்பான். வந்தவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். இருபது வருடமாக ஊரையே அரை நிமிடத்தில் முடிவெடுக்கவைத்த அவனுக்குத் தன் விஷயத்தில் மட்டும் அந்த வித்தை கைவரவில்லை. மின்விசிறி வாங்க நான்கு மாதம் ஒப்பிட்டுப் பார்த்தான். வாங்கி மாட்டிய அன்று வெயில் காலம் முடிந்து மழை பிடித்துக்கொண்டது. கல்யாணமும் அப்படித்தான். அவன் யோசித்துக்கொண்டே இருந்த இரண்டு பெண்களுக்கும் இப்போது பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அண்ணன் அவனுக்கு ‘ஆராய்ச்சி’ என்று பெயர் வைத்தார். அது கண்ணாடிக் கடை வரைக்கும் பரவி, அவனே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது.

“அந்தச் சின்னதை இன்னொரு தடவை போடு,” என்றார் அண்ணன்.

கட்டிலின் மேல் மூன்று விளக்குகள். மூன்றும் சார்ஜ் போட்டு எரிக்கிற வகை. சைக்கிள் கடைக்காரர் பள்ளிக்கூடத்தில் அண்ணனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் சாயங்காலம் ஆறு மணிக்குள் திருப்பிக் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்தனுப்பியிருந்தார். பெட்டியில் இருந்த பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று அண்ணனே வேறு பெயர் வைத்துவிட்டார். தனி பேட்டரி, அதற்கொரு ஒயர், இரும்புக் கவ்வி என்று ஒரு குடும்பத்தோடு வந்த பெரியது எருமை. உள்ளங்கையில் அடங்கியது தீப்பெட்டி. நடுவில் பளபளவென்று இருந்தது மாப்பிள்ளை. பார்க்க லட்சணம், வேலைக்கு ஆகாது என்று முதல் சுற்றிலேயே அதைத் தள்ளிவிட்டார்.

மருத்துவமனையில் இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அண்ணனை அனுப்பிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. ஈரலில் வந்தது முதுகு வரைக்கும் போய்விட்டது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கவே ஒரு கை வேண்டும் என்ற நிலையில், போன திங்கட்கிழமை காலையில் அண்ணன் அவனைக் கூப்பிட்டு, ராத்திரி ஓட்டுவதற்கு, சார்ஜ் போடுகிற மாதிரி, நல்ல வெளிச்சமாக ஒரு சைக்கிள் லைட்டுப் பார்க்கச் சொன்னார். தம்பி சரி என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் வீட்டுக்குப் போய் ஒரு புது நோட்டை எடுத்துக் கோடு போட்டான்.

இருபத்தாறு வருடமாக அண்ணன் விடியற்காலை இரண்டரை மணிக்குச் சைக்கிளில் கிளம்பி, கால்வாய் ஓரமாகவே போய், பேக்கரியில் மாவு பிசைந்தவர். கால்வாய்க்குத் தடுப்புச் சுவர் கிடையாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் தெருவிளக்கும் கிடையாது. அத்தனை வருடமும் அவருக்கு வழி காட்டியது சக்கரத்தில் உரசிக்கொண்டு எரிகிற ஒரு டைனமோ விளக்கு. மேட்டில் மங்கும், இறக்கத்தில் பிரகாசிக்கும், நின்றால் அதுவும் அணைந்துவிடும். மாற்றச் சொன்னவர்களிடமெல்லாம், நான் மிதிக்கிற அளவுக்குத்தான் எரியும், ரொம்ப நியாயமான விளக்கு என்பார். அப்படிப்பட்டவர் இப்போது புது விளக்குக் கேட்கிறார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும் என்று தம்பி நினைத்தான். அந்த அர்த்தத்தை நேராகப் பார்க்கத் துணிவில்லாமல், வெளிச்சம் எத்தனை லூமன், எத்தனை மணி நேரம் எரியும், மழை பட்டால் தாங்குமா என்று நோட்டை நிரப்பினான். சரியான விளக்கைக் கண்டுபிடித்துவிட்டால் அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்பதுபோல ஒரு வேகம்.

அண்ணனும் சளைக்காமல் கேட்டார். கை ஈரமாக இருந்தால் பொத்தான் வழுக்குமா? சார்ஜ் போடும் ஓட்டைக்கு மூடி இருக்கிறதா? பள்ளம் எத்தனை அடி முன்னால் தெரியும்? பாதி வழியில் அணையுமா, இல்லை அணைவதற்கு முன்னால் ஏதாவது சொல்லுமா? தம்பி ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டான்.

“கூடை மறைக்குமா?” என்றார் அண்ணன்.

“எந்தக் கூடை?”

“முன்னாடி கூடை இருந்தா.”

அண்ணன் சைக்கிளில் கூடை இல்லை. பின்னால் ஒரு கேரியர், அதில் ஒரு ரப்பர் பட்டை, அவ்வளவுதான். வலிக்குக் கொடுக்கிற மருந்து இப்படியெல்லாம் பேசவைக்கும் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். தம்பி மறுத்துப் பேசாமல் நோட்டில் எழுதினான்: கூடை — நம் சைக்கிளில் இல்லை. பொருந்தாது.

அதற்குள் அண்ணன் தீப்பெட்டியைக் கையில் வாங்கி, அதன் ரப்பர் வாரைத் தன் சுண்டுவிரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். மாவு பிசைந்து பிசைந்து தடித்திருந்த விரல்கள் இப்போது குச்சி மாதிரி ஆகிவிட்டிருந்தன. வார் கடைசி ஓட்டை வரைக்கும் இறங்கி, சுண்டுவிரலைக் கெட்டியாகப் பிடித்தது. மோதிரம் போட்டுப் பார்க்கிறவர்போல அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதான்,” என்றார்.

“அண்ணே, இது எருமையில மூணுல ஒரு பங்குகூட இல்ல.”

“வெளிச்சம் கீழேயே விழுது பாரு. எதிர்ல வர்றவன் கண்ணு கூசாது. இது போதும்.”

“உன் கண்ணுக்கு எது வேணும்னு எனக்குத் தெரியாதா? நாந்தானே பாத்தேன் உன் கண்ண.”

அண்ணன் அவனை ஒரு நிமிடம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கதவு திறந்தது.

அண்ணி ஈரத்துணியோடு நின்றார். அண்ணன் சட்டென்று கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். விளக்கை அணைக்க மறந்துவிட்டார். போர்வைக்குள் அவர் வயிற்றருகே ஒரு வெளிச்சம், நெய்த நூலெல்லாம் தெரிகிற மாதிரி, அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

“பகல்ல இருட்டு பண்ணி வெச்சிருக்கீங்க,” என்றார் அண்ணி. “ரெண்டு பேருக்கும் சேர்த்து நூத்தியஞ்சு வயசு. போர்வைக்குள்ள என்ன?”

“தெர்மாமீட்டர்,” என்றார் அண்ணன்.

அண்ணி கட்டிலருகே வந்து குனிந்தார். அண்ணனின் முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், வெளிச்சம் இருந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனார். கட்டிலில் கிடந்த மற்ற இரண்டு விளக்குகளையும் பார்த்தார். எதற்கு என்று கேட்பார் என்று தம்பி பயந்தான். கேட்கவில்லை. துணியை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது கதவை வழக்கத்தைவிட மெதுவாகச் சாத்தினார்.

ஐந்தேகால் மணிக்குத் தம்பி மூன்று விளக்குகளையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். எருமையையும் மாப்பிள்ளையையும் கொடுத்துவிட்டுத் தீப்பெட்டியோடு வர வேண்டும், அதுதான் ஏற்பாடு. பாதி வழியில் நடை தளர்ந்தது. அண்ணன் ஆயுசு முழுக்கச் சின்னதையே எடுத்துக்கொண்டவர். பேக்கரியில் கருகிப்போன ரொட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, இதில்தான் ருசியே என்பார். இரண்டு பேருக்கு ஒரு குடை இருந்த காலத்தில் அவர் தலை எப்போதும் நனைந்திருக்கும். கடைசியாக வாங்குகிற பொருளிலுமா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இருப்பதிலேயே பெரிய வெளிச்சம் அவருக்கு இருக்கட்டுமே.

கடையில் அவன் தீப்பெட்டியையும் மாப்பிள்ளையையும் மேசைமேல் வைத்தான். இவை எதற்கும் உதவாது என்று கடைக்காரருக்கு நோட்டைத் திறந்து காரணங்களோடு விளக்கினான். பிறகு எருமையைக் காட்டி, “இதை எடுத்துக்கறேன்,” என்றான். கடைக்காரர் ஆச்சரியத்தோடு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அந்த மனிதன் ஒரு பொருளை ஒரே வாரத்தில் முடிவுசெய்து அவர் பார்த்ததில்லை. தம்பிக்கும் அது புதிதாக இருந்தது. திரும்பி வரும்போது தோளெல்லாம் லேசாகிவிட்டதுபோல் இருந்தது.

வாசற்கதவு திறந்து கிடந்தது. அறை ஜன்னலில் போர்வை இல்லை, திரை இல்லை. ஜன்னல் முழுக்கச் சாயங்கால வெயில். அண்ணி கட்டிலின் ஓரத்தில் அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஜன்னலைத் திறக்கச் சொன்னாரு,” என்றார். “திறந்துட்டுத் திரும்பினேன்.”

தம்பி நின்றான்.

“ஆராய்ச்சி வந்துட்டானான்னு கேட்டாரு. வந்துட்டே இருக்கான்னு சொன்னேன்.”

எருமையின் பெட்டி இன்னும் அவன் கையில் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேசையில் மருந்துகள், நாற்காலியில் துணிகள். அவன் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றிருந்தான்.

மறுநாள் பகலில் இறுதிச் சடங்கு எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். பேக்கரி ஆட்கள் நான்கு பேர் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாலும் நகக்கண்ணில் மாவு இருந்தது. பேக்கரி முதலாளி கிளம்பும்போது அண்ணியிடம் போய், அவசரம் ஒன்றுமில்லை, வியாழக்கிழமையிலிருந்து வந்தால் போதும், மூணு மணிக்கு என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனாலும் அண்ணி பதறிப்போய்ப் பின்னால் திரும்பி, அந்த அறையின் ஜன்னலைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இனி அங்கிருந்து யாரும் கேட்கப் போவதில்லை என்பது நினைவுக்கு வந்ததுபோல, மெல்லத் தலையைக் குனிந்துகொண்டார்.

தம்பி முதலாளியோடு வாசல்வரை நடந்தான். வியாழக்கிழமை அண்ணி எங்கே வர வேண்டும் என்று கேட்டான்.

முதலாளி தர்மசங்கடப்பட்டார். “உங்கண்ணி போன மாசமே வந்து அவர் வேலையைக் கேட்டுட்டுப் போனாங்க. ஆனா அவர் காதுக்குப் போகக் கூடாதுன்னாங்க. உயிரோட இருக்கும்போதே இடத்தைப் புடிச்ச மாதிரி ஆயிடும்னு.”

“அவருக்குத் தெரியாதா?”

“நானும் தெரியாதுன்னுதான் நெனச்சேன். போன வாரம் பாக்க வந்தேன்ல, அவரே ஆரம்பிச்சாரு. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு அவ சைக்கிளுக்குக் காத்தடிக்கறா, ஜன்னல் வழியா சத்தம் கேக்குது, என்னத்துக்குன்னு எனக்குத் தெரியாதான்னாரு. மேசை அவளுக்கு உசரம், ஒரு பலகை போட்டு வையுங்கன்னாரு. எனக்குத் தெரியும்கறதை அவகிட்ட சொல்லாதீங்கன்னாரு.” முதலாளி செருப்பைப் பார்த்தபடி சொன்னார்: “நான் என்ன பண்றது? ரெண்டு பேர்கிட்டயும் தலையாட்டினேன்.”

வீட்டுப் பின்புறத்தில், தகரக் கொட்டகைக்குள், இரண்டு சைக்கிள்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. அண்ணனுடையது உயரமாக, கறுப்பாக. அதற்குக் கீழே அண்ணியின் குள்ளமான சிவப்பு சைக்கிள். அதன் முன்னால் ஒரு கம்பிக் கூடை.

தம்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். காய்கறி, மருந்துச் சீட்டு, அண்ணனின் சாப்பாட்டு டப்பா என்று பத்து வருடமாக அந்தக் கூடையில் வந்து போனதை அவன் தினம் பார்த்தவன்தான். இருட்டும்வரை காத்திருந்தான். பிறகு எருமையைக் கொண்டுவந்து சிவப்பு சைக்கிளின் ஹேண்டில்பாரில் மாட்டி, பொத்தானை அமுக்கினான்.

வெளிச்சம் நேராகக் கூடையில் போய் மோதியது. பக்கத்து வீட்டுச் சுவர் முழுக்க, அவன் உயரத்துக்கு இரண்டு மடங்காக, ஒரு கூண்டு எழுந்து நின்றது. முன் சக்கரத்துக்குக் கீழே, ஒரு மனுஷி பார்த்து ஓட்ட வேண்டிய இடத்தில், நல்ல இருட்டு. அவன் கவ்வியைத் தளர்த்திக் கூடையின் விளிம்பில் மாட்டிப் பார்த்தான். தடித்த குழாய்க்காகச் செய்த கவ்வி அது. மெல்லிய கம்பியில் நிற்காமல் கழன்று விழுந்தது. விளிம்புக் கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தான். சுண்டுவிரல் கனம் இருந்தது. மெலிந்துபோன ஒருவரின் சுண்டுவிரல்.

கொட்டகைத் தரையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தான். ஐந்து பக்கம். எல்லாக் கேள்விகளும் இருந்தன. ஈரக் கை, பள்ளம், கூடை. அதில் ‘எனக்கு’ என்று அண்ணன் ஒரு தடவைகூடச் சொல்லியிருக்கவில்லை. ஆயுசில் ஒரே ஒரு முடிவை அவனாக எடுத்தான், அதுவும் அவர் எடுத்து முடித்திருந்த முடிவுக்கு எதிராக.

காலையில் சைக்கிள் கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றான். கடைக்காரர் கதவைத் தூக்கினார். கண்ணாடி அலமாரியில் தீப்பெட்டி இருந்தது. கடைக்காரர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் அவர்களுக்கு முன்னால் நுழைந்துவிட்ட ஒரு வாடிக்கையாளர் அலமாரியைத் திறந்து அதையே எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தார். கையடக்கமாக இருக்கிறதே, நன்றாக எரியுமா என்று கடைக்காரரைக் கேட்டார்.

“அது வித்துப்போச்சு,” என்றான் தம்பி.

வாடிக்கையாளர் கடைக்காரரைப் பார்த்தார்.

“இவருதான் இது எதுக்கும் உதவாதுன்னு எனக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தாரு,” என்றார் கடைக்காரர்.

“உதவும்,” என்றான் தம்பி. “அண்ணன் எடுத்தது இதுதான். நான்தான் மாத்திட்டேன்.”

கடைக்காரர் வாடிக்கையாளரின் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கித் தம்பியிடம் கொடுத்தார். எருமையைப் பெட்டியோடு திரும்ப வாங்கிக்கொண்டபோது ஏன் என்று கேட்கவில்லை.

வியாழக்கிழமை விடியற்காலை இரண்டே கால் மணிக்கு அண்ணி சமையலறை விளக்கைப் போட்டார். கூடத்துப் பெஞ்சில் படுத்திருந்த தம்பி தூங்கவே இல்லை. அண்ணி தலையை இறுக்கி முடிந்துகொண்டு, அண்ணன் பேக்கரியில் போடும் மேலங்கியை எடுத்துச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். அவன் பின்னாலேயே போய்ச் சைக்கிளை வெளியே எடுத்து நிறுத்தினான்.

கூடையின் முன் விளிம்பில், கடைசி ஓட்டை வரைக்கும் இறுக்கிய ரப்பர் வாரில், தீப்பெட்டி உட்கார்ந்திருந்தது.

அண்ணி அதைப் பார்த்தார். குனிந்து இன்னும் கிட்டத்தில் பார்த்தார்.

“அன்னிக்குப் போர்வைக்குள்ள இருந்தது,” என்றார்.

“ஆமா.”

“அவர் ஏதோ ஆசையில வாங்கறாருன்னு நெனச்சேன், தம்பி. எழுந்து ஓட்டுவேன்னு நெனக்கறாரோன்னு. அதான் நான் ஒண்ணும் கேக்கல.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு நாய் குரைத்து அடங்கியது. சொல்லலாமா, இதையும் தலையாட்டிவிட்டு விட்டுவிடலாமா என்று தம்பி யோசித்தான். அதிக நேரம் யோசிக்கவில்லை.

“கூடை மறைக்குமான்னு கேட்டாரு,” என்றான்.

அண்ணி கைப்பிடியைப் பிடித்தார். மேலங்கி கக்கத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் சைக்கிளைத் தாங்கிக்கொண்டு நிற்கிறாரா, அது அவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறதா என்று சொல்ல முடியாதபடி நின்றார். பிறகு மேலங்கியைக் கூடையில் வைத்தார். பொத்தானை அமுக்கினார். தரையில் ஒரு பாய் விரித்த அளவுக்கு வெளிச்சம் விழுந்தது. ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. அவர் விளக்கைத் தொட்டு இன்னும் கொஞ்சம் கீழே சாய்த்தார்.

“எதிர்ல வர்றவங்களுக்குக் கண்ணு கூசும்,” என்றார்.

ஏறி உட்கார்ந்து மிதித்தார். முதல் நாலு மிதிக்குச் சைக்கிள் இப்படியும் அப்படியும் போனது, வெளிச்சமும் கூடவே ஆடியது. அப்புறம் நேரானது. கால்வாய்த் திருப்பத்தில் அது ஒரு மரத்தின் அடியைத் தொட்டுவிட்டு வளைந்து மறைந்தது. தம்பி அங்கேயே நின்றான். அது போன வழியை இருட்டு மூடிய பிறகும் நின்றான்.

பத்து மணி சுமாருக்குத்தான் அண்ணி திரும்பினார். நல்ல வெயில். புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கூடையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ரொட்டியின் ஒரு பக்கம் கருகியிருந்தது.

தம்பி சைக்கிளை நிழலுக்குத் தள்ளப் போனவன், கூடைக்கு முன்னால் நின்றான். குறைந்த வெளிச்சத்தில் வைத்தால் ஒன்பது மணி நேரம் என்று நோட்டில் எழுதியிருந்தான். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கையைக் குவித்து விளக்கின் மேல் வைத்தான். கையின் குழிவுக்குள் அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைக்காமல், அப்படியே கையை வைத்துக்கொண்டு நின்றான்.